ஹாஃப்-ட்ராக்: டாங்கியா, லாரியா? தமிழில் எப்படி எழுதுவது?

சொற்கிடங்கு:

1944 டிசம்பரில் பெல்ஜியத்தின் ஆர்டென் காடுகளில் நடந்த சண்டை பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். பக்கத்துக்கு இரண்டு தடவையாவது ‘ஹாஃப்-ட்ராக்’ வருகிறது. ஆங்கில அகராதியில் ‘முன்னால் சக்கரமும் பின்னால் ட்ராக்கும் உள்ள ராணுவ வண்டி’ என்று இருக்கிறது. ட்ராக் என்று தேடினால் தமிழ் அகராதிகள் தடம், சுவடு, பாதை, தண்டவாளம் என்கின்றன. ‘அரைத்தட ஊர்தி’ என்று போட்டுப் பார்த்தேன், படித்த யாருக்கும் எந்த உருவமும் மனதில் வரவில்லை. ‘டாங்கி’ என்றே எழுதிவிடுங்கள், வாசகருக்கு அது போதும் என்று ஒரு யோசனை வந்தது.

என் சந்தேகங்கள் நான்கு. இதை டாங்கி என்று சொல்லலாமா? ஜெர்மன் படையிடமும் அமெரிக்கப் படையிடமும் ஹாஃப்-ட்ராக் இருப்பதாக வருகிறதே, இரண்டும் ஒரே வண்டியா? ஒரு பள்ளத்தில் இறங்கும்போது வண்டி ‘த்ரூ எ ட்ராக்’ என்றும், பிறகு ஆட்கள் ‘ப்ரோக் ட்ராக்’ என்றும் வருகிறது. முதலாவதில் எதை எறிந்தார்கள், இரண்டாவதில் எது உடைந்தது? கடைசியாக, ‘எம்2 வண்டியின் மேல் எம்2’ என்று ஒரு வரி இருக்கிறது. அச்சுப்பிழையா?

பல்சக்கரம்:

டாங்கி என்று எழுத வேண்டாம். அப்படி எழுதினால் நடந்த சண்டையே வேறொன்றாகிவிடும்.

டாங்கி என்றால் தடித்த கவசம், சுழலும் கோபுரம், அதில் ஒரு பீரங்கி, மேலே மூடி. ஹாஃப்-ட்ராக் அடிப்படையில் ஒரு லாரி. அதைச் சுற்றி மெல்லிய எஃகுத் தகடு அடித்து, பின் சக்கரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் சுழலும் பட்டை மாட்டியிருக்கும். மேலே கூரை கிடையாது. அமெரிக்க ஹாஃப்-ட்ராக்கான எம்3 வண்டியின் பக்கத் தகடு 6.35 மில்லிமீட்டர், அதாவது கால் அங்குலம். ஓட்டுநர் முன்னால் இறக்கிவிடும் தகடு மட்டும் 12.7 மில்லிமீட்டர். சாதாரணத் துப்பாக்கித் தோட்டாவையும் தெறிக்கும் குண்டுச் சில்லுகளையும் இது தாங்கும். கிட்டத்திலிருந்து கவசம் துளைக்கும் தோட்டா வந்தால் தாங்காது. உங்கள் கட்டுரை காட்டுச் சண்டை பற்றியது என்பதால் இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பீரங்கிக் குண்டு மரக்கிளையில் பட்டு மேலேயே வெடித்தால், அத்தனை சில்லுகளும் திறந்த வண்டிக்குள் நேராக இறங்கும். வீரர்கள் அதற்கு வைத்த கசப்பான பட்டப்பெயர் ‘பர்ப்பிள் ஹார்ட் பாக்ஸ்’. பர்ப்பிள் ஹார்ட் என்பது போரில் காயம்பட்டவர்களுக்கு அமெரிக்கா தரும் பதக்கம்.

அந்த வண்டிக்கு உள்ள வேலை, காலாட்படையைச் சண்டை நடக்கும் இடத்தின் ஓரம்வரை கொண்டுபோய் இறக்குவது. அங்கே அவர்கள் கீழே குதித்து நடந்தே போய்ச் சண்டையிடுவார்கள். கட்டுரையில் ‘டிஸ்மவுன்ட்’ என்ற வினை அடிக்கடி வரும். குதிரையிலிருந்து இறங்குவதற்கான பழைய குதிரைப்படைச் சொல் அது. ‘இறங்கினார்கள்’ போதும். இப்போது அந்த வண்டியை ‘டாங்கி’ என்று எழுதிப் படித்துப் பாருங்கள்: டாங்கிக்குள்ளிருந்து 12 பேர் இறங்குகிறார்கள். கவனமாகப் படிக்கும் வாசகர் அங்கேயே நின்றுவிடுவார்.

இனி ட்ராக். அகராதி தரும் ‘பாதை’ முழுத் தவறல்ல. வண்டி தன் முன்னால் தானே ஒரு பாதையை விரித்து, அதன் மேல் ஏறி ஓடி, பின்னால் அதைச் சுருட்டி எடுத்துக்கொள்கிறது என்ற எண்ணத்திலிருந்துதான் ஆங்கிலத்தில் அந்தச் சொல் பிறந்தது. தொடக்க காலத்தில் ‘ட்ராக்-லேயிங்’ வண்டி, பாதை விரிக்கும் வண்டி, என்றே சொன்னார்கள். தமிழில் அந்த எண்ணம் வழக்கில் இல்லாததால்தான் ‘அரைத்தடம்’ செத்த சொல்லாக நிற்கிறது. மற்ற மொழிகள் இதை எப்படிப் பார்த்தன என்பது உங்களுக்கு உதவும். ஜெர்மன்காரர்கள் ‘ஹால்ப்கெட்டன்ஃபார்ட்சொய்க்’ என்கிறார்கள். கெட்டே என்றால் சங்கிலி, ஆக பாதிச் சங்கிலி வண்டி. பிரெஞ்சில் ‘ஓட்டோஷெனீ’, கம்பளிப்புழு வண்டி. பொருள் ஒன்று, பார்வை மூன்று. தமிழுக்கு ஜெர்மன் பார்வைதான் நெருக்கம்.

இந்த அமைப்பைக் கார்களுக்குக் கொண்டுவந்தவர் அடோல்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸின் கார்களைக் கவனித்தவர். பனியில் ஓடுவதற்காகப் பின் சக்கரங்களுக்குப் பதில் நெகிழ்வான பட்டையை மாட்டினார். புரட்சிக்குப் பிறகு பிரான்ஸ் திரும்பி சித்ரோயன் நிறுவனத்தோடு சேர்ந்தார். 1922 டிசம்பரில் அல்ஜீரியாவின் தூகூர்ட் ஊரிலிருந்து கிளம்பிய 5 சித்ரோயன்-கெக்ரெஸ் வண்டிகள் சகாராவைக் கடந்து 1923 ஜனவரியில் டிம்பக்டு போய்ச் சேர்ந்தன. 1931-ல் பெய்ரூட்டிலிருந்து பீகிங் நோக்கிப் போன பயணக் குழு, இதே வகை வண்டிகளில் இரண்டை ஸ்ரீநகரிலிருந்து மலைப்பாதை வழியாக கில்கிட் வரை ஏற்றிக்கொண்டு போனது. அதே ஆண்டு அமெரிக்க ராணுவம் ஆய்வுக்காக ஒரு சித்ரோயன்-கெக்ரெஸ் வண்டியை வாங்கியது. எம்2, எம்3 அந்த வழியில் வந்தவை. ரப்பர் பட்டை அமெரிக்க வண்டிக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுதான் விடை.

ஜெர்மன் வண்டியின் வம்சம் வேறு. அது பீரங்கி இழுக்கும் டிராக்டரிலிருந்து வந்தது. ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை: ஒரே சொல், இரண்டு வேறு வண்டிகள். அதை விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

வரைபடத்தாள்:

எம்2 மேல் எம்2 அச்சுப்பிழை இல்லை. அமெரிக்கப் படையில் ‘எம்’ எண் ஒவ்வொரு பொருள்வகைக்கும் தனித்தனியாக ஒன்றிலிருந்து தொடங்கும். அதனால் எம்2 என்பது ஒரு ஹாஃப்-ட்ராக். எம்2 என்பது அரை அங்குல விட்டமுள்ள பிரௌனிங் கனரக இயந்திரத் துப்பாக்கியும்தான். முதலாவதன் மேல் இரண்டாவதைப் பொருத்தியிருந்தார்கள். ‘எம்2 ஹாஃப்-ட்ராக்கின் மேல் பிரௌனிங் கனரக இயந்திரத் துப்பாக்கி’ என்று விரித்து எழுதுங்கள்.

இதைவிட மோசமானது எம்3. எம்3 ஹாஃப்-ட்ராக் உண்டு, ஸ்டுவர்ட் என்ற எம்3 இலகு டாங்கி உண்டு, லீ என்ற எம்3 நடுத்தர டாங்கி உண்டு, எம்3 என்ற சப்மெஷின் துப்பாக்கியும் உண்டு. எம்5 என்றாலும் ஹாஃப்-ட்ராக் ஒன்று, ஸ்டுவர்ட் வகை டாங்கி ஒன்று. ஆங்கில ஆசிரியர் வெறுமனே ‘த எம்3ஸ்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார், அந்தப் படைப்பிரிவு எது என்று வாசகருக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில். மொழிபெயர்ப்பவர் எண்ணை மட்டும் தூக்கிவைத்தால் தமிழ் வாசகருக்கு வழியே இல்லை. ஒவ்வொரு இடத்திலும் வண்டியா, டாங்கியா, துப்பாக்கியா என்ற பெயர்ச்சொல்லைச் சேர்த்துவிடுங்கள்.

இன்னொரு கண்ணிவெடி ‘ஜி.எம்.சி.’. ராணுவப் பெயரிடலில் அது ‘கன் மோட்டார் கேரேஜ்’, பீரங்கி பொருத்திய மோட்டார் வண்டி. எம்3 ஹாஃப்-ட்ராக்கின் மேல் 75 மில்லிமீட்டர் பீரங்கியை ஏற்றிய வண்டிக்கு ‘75 எம்எம் ஜி.எம்.சி.’ என்று பெயர். 1941-42-ல் பிலிப்பைன்ஸிலும் 1943-ல் துனிசியாவிலும் சண்டையிட்டது. ஆனால் ஜெனரல் மோட்டார்ஸின் ஜி.எம்.சி. லாரியும் அதே போரில், அதே சாலைகளில் ஆயிரக்கணக்கில் ஓடியது. ‘டூஸ் அண்ட் எ ஹாஃப்’ என்று வீரர்கள் சொன்ன இரண்டரை டன் லாரி அது. அந்தப் பெயரில் வரும் ‘ஹாஃப்’ அரை டன்னைக் குறிக்கிறது, ஹாஃப்-ட்ராக்கோடு அதற்குத் தொடர்பில்லை. ஜி.எம்.சி. சுட்டது என்றால் பீரங்கி வண்டி, ஜி.எம்.சி. ரொட்டி கொண்டுவந்தது என்றால் லாரி. சூழலைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும்.

எம்2-வுக்கும் எம்3-க்கும் உள்ள வேறுபாடும் உங்களுக்குத் தேவைப்படலாம். அரசுப் பதிவில் எம்2 ‘கார்’, எம்3 ‘பெர்சனெல் கேரியர்’, ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டி. எம்2 பீரங்கி இழுக்கவும் வேவு பார்க்கவும் உருவானது. உள்ளே 10 பேர், பக்கவாட்டில் குண்டுகளை எடுக்கச் சிறு கதவுகள், பின்னால் கதவு கிடையாது. எம்3 நீளம் கூடியது. ஓட்டுநரோடு 13 பேர், பின்னால் ஒரு கதவு. கவசக் காலாட்படையின் ஒரு ஸ்குவாடு, அதாவது ஒரு சிறு குழு, அப்படியே ஒரு வண்டியில் அடங்கும். ‘பின்கதவு வழியே குதித்தார்கள்’ என்று வந்தால் அது எம்2-வாக இருக்க முடியாது.

‘எம்’ எழுத்துக்குப் பின்னால் வரும் எண்ணும் முக்கியம். எம்16 என்றால் நான்கு கனரக இயந்திரத் துப்பாக்கிகளை ஒரே சுழல் மேடையில் பொருத்திய விமான எதிர்ப்பு ஹாஃப்-ட்ராக். விமானம் வராத நாட்களில் அதைத் தரையில் உள்ள காலாட்படை மேல் திருப்பினார்கள். அதனால் ஆர்டென் கட்டுரையில் ‘க்வாட் ஃபிஃப்டி’ என்று வந்தால் வானத்தைப் பார்த்துத்தான் சுடுகிறது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ‘ஃபிஃப்டி’ 50 மில்லிமீட்டரும் இல்லை. அங்குலத்தில் பாதி, 12.7 மில்லிமீட்டர்.

அறுவடைக்காலம்:

சொல்லைப் பற்றி மட்டும். தமிழ்நாட்டில் நெல் அறுவடை வண்டி வாடகைக்குக் கேட்பவர்கள் அன்றாடம் இரண்டு வகையாகப் பிரித்துப் பேசுகிறார்கள்: டயர் வண்டி, செயின் வண்டி. ஈரவயலில் டயர் வண்டி புதையும், செயின் வண்டி ஓடும். சில ஊர்களில் செயின் வண்டியை பெல்ட் வண்டி என்பார்கள், ஏனென்றால் அறுவடை வண்டியில் ஓடுவது ரப்பர் பெல்ட். பொக்லைனில் ஓடுவது இரும்புச் செயின். மண் வேலை செய்பவர்களிடம் ‘செயின் கழண்டுருச்சு’ என்றால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். ட்ராக் என்ற பொருளுக்கு இப்படி உயிருள்ள சொல் கையில் இருக்கும்போது தடம், தண்டவாளம் என்று அகராதிக்குள் போக வேண்டியதில்லை.

எனவே: ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து வரும் அர்ஜுன், டி-90 டாங்கிகள் முழுச்செயின் வண்டிகள். ஹாஃப்-ட்ராக் அரைச்செயின் வண்டி. முன்னால் டயர், பின்னால் செயின். முன் டயர் சும்மா உருண்டு திசை மட்டும் காட்டும், தள்ளுவது முழுக்கச் செயின்தான். இதை முதல் இடத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டால் பிறகு வாசகர் தானே வந்துவிடுவார்.

பாகங்களுக்கும் பட்டறைச் சொற்களே போதும். செயினை இழுக்கும் பல்சக்கரம் ஸ்ப்ராக்கெட். மறுமுனையில் செயினைத் தாங்கி இறுக்கம் வைப்பது ஐட்லர். இடையில் பாரம் தாங்குவது ரோலர். ஆங்கிலத்தில் ‘ரோட் வீல்’ என்றோ ‘போகி’ என்றோ வருவது இந்த ரோலர் பகுதி. ‘சாலைச் சக்கரம்’ என்று சொல்லுக்குச் சொல் போட்டால் முன் டயரைத்தான் வாசகர் நினைப்பார்.

பல்சக்கரம்:

அறுவடைக்காலம் சொன்னதில் சொல் ரொம்பச் சரி. ஒரு திருத்தம் மட்டும். முன் டயர் சும்மா உருளும் என்பது ஜெர்மன் வண்டிக்குத்தான் பொருந்தும். அமெரிக்க எம்2, எம்3 வண்டிகளில் முன் அச்சுக்கும் என்ஜின் விசை போகிறது, டயரும் இழுக்கும், பட்டையும் தள்ளும். இதைச் சின்ன விஷயமாக விட முடியாது, ஏனென்றால் சேற்றில் மாட்டும் காட்சிகள் இதில்தான் பிரிகின்றன.

இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்போம்.

அமெரிக்க எம்3: சுமார் 9 டன், வைட் நிறுவனத்தின் ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், 147 குதிரைத்திறன், நல்ல சாலையில் மணிக்கு 72 கிலோமீட்டர். பின்னால் ஓடுவது இணைப்பே இல்லாத ஒற்றை ரப்பர் வளையம். உள்ளே எஃகுக் கம்பிவடம், குறுக்கே எஃகுப் பட்டைகள், நடுவில் வழிகாட்டிப் பற்கள். முன் பம்பரில் ஒரு உருளை இருக்கும். பள்ளத்தில் மூக்கு குத்தினால் மேட்டில் உருண்டு ஏற உதவும். சில வண்டிகளில் அந்த இடத்தில் உருளைக்குப் பதில் வின்ச், அதாவது வடம் சுற்றி இழுக்கும் கருவி. திசை திருப்புவது முழுக்க முன் டயரின் வேலை. பட்டைக்கு அதில் பங்கில்லை. அதனால் பனியிலும் சேற்றிலும் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகவே வழுக்கிப் போகும். பட்டை பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறதே.

ஜெர்மன் வண்டிகளில் அதிகம் வருவது எஸ்.டி.கே.எஃப்.இசட். 251. அந்த எழுத்துகள் ‘சிறப்பு மோட்டார் வண்டி’ என்பதன் சுருக்கம். நேச நாட்டு வீரர்கள் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரால் ‘ஹானொமாக்’ என்று சொன்னார்கள். 100 குதிரைத்திறன் மேபாக் என்ஜின், மணிக்கு 52 கிலோமீட்டர் அளவு வேகம், ஓட்டுநர் உட்பட 2 பேர் குழு, பின்னால் 10 வீரர்கள். முன் தகடு 14.5 மில்லிமீட்டர், பக்கம் 8 மில்லிமீட்டர். தகடுகள் எல்லாம் சாய்வாக இருக்கும், எம்3-யின் பெட்டி போன்ற செங்குத்துச் சுவர் கிடையாது. செயின் உண்மையான இரும்புச் செயின். கண்ணிகளைக் கோக்கும் ஒவ்வொரு பின்னும் (இணைப்பு ஆணி) நீடில் பேரிங்கில் சுழலும், கிரீஸ் போட வேண்டும், தரையில் படும் இடத்தில் ரப்பர் அட்டை. முன் டயருக்கு விசை போகாது. ஆனால் திருப்பும் முறை அமெரிக்க வண்டியை விட நுட்பமானது: ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் டயர் மட்டும் திரும்பும். அதற்கு மேல் ஒடித்தால் உள்பக்கச் செயினின் பிரேக் தானாகவே பிடித்து, வண்டியை அந்தப் பக்கம் இழுத்துவிடும்.

அந்த நுட்பத்துக்கு விலையும் இருந்தது. ரோலர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய மாதிரி இடைச்செருகலாக இருக்கும். எடை சீராகப் பரவும், ஓட்டம் மிருதுவாக இருக்கும். உள்வரிசை ரோலர் ஒன்று போனால், அதை எடுக்க வெளிவரிசையில் நல்ல நிலையில் இருப்பவற்றையும் கழற்ற வேண்டும். ரோலர்களுக்கு இடையில் சேறு அடைத்து, இரவில் உறைந்தால் காலையில் செயின் அசையாது. உங்கள் கட்டுரை டிசம்பர் மாதத்தைப் பற்றியது என்பதால் இது கண்டிப்பாக வரும் என்று நினைக்கிறேன்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. ‘த்ரூ எ ட்ராக்’: செயின் கழன்றது. யாரும் எதையும் எறியவில்லை. தளர்ந்த செயின், கூர்மையான திருப்பம், பக்கச் சரிவு, ஸ்ப்ராக்கெட்டில் கல்லோ மரக்கிளையோ மாட்டுவது, இவற்றில் ஏதோ ஒன்று நடந்தால் செயின் பக்கவாட்டில் நழுவி ரோலரை விட்டு இறங்கிவிடும். அமெரிக்க வண்டிகளில் தொடக்கத்தில் ஐட்லர் அசையாமல் பொருத்தப்பட்டிருந்தது. உள்ளே கல் மாட்டினால் பட்டைக்கு விட்டுக்கொடுக்க இடமில்லை, அது குதித்து வெளியே வந்துவிடும். பிறகு ஐட்லருக்குச் சுருள்வில் வைத்தார்கள். கல் வந்தால் வில் அமுங்கும், கல் வெளியேறும், பட்டை மீண்டும் இறுகும். தொல்லை வெகுவாகக் குறைந்தது.

‘ப்ரோக் ட்ராக்’ நேர் எதிர். எதுவும் உடையவில்லை. ஆட்கள் வேண்டுமென்றே ஒரு பின்னைத் தட்டி எடுத்து, செயினைப் பிரித்தார்கள் என்று பொருள். பிரித்த செயினைத் தரையில் நீட்டி, வண்டியை அதன் மேல் ஏற்றி, முனைகளைச் சுற்றிக்கொண்டுவந்து பின்னை மறுபடி அடிப்பது வழக்கம். ‘செயினைக் கழற்றிப் பிரித்தார்கள்’ என்று எழுதுங்கள். இதிலிருந்தே அந்த வண்டி ஜெர்மன் வண்டி என்று ஊகிக்கலாம், ஏனென்றால் அமெரிக்க ரப்பர் வளையத்தில் தட்டி எடுக்கப் பின்னே கிடையாது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஐட்லரைத் தளர்த்தி, வளையத்தை முழுசாகவே கழற்றி எடுக்க வேண்டும். நடுவில் அறுந்துபோனால் ஒட்டுப்போட வழியில்லை, புது வளையம்தான். மூலத்தில் அந்தப் பத்தி அமெரிக்க வண்டியைப் பற்றியதாக இருந்தால், ஆசிரியர் வேறு செயின் வண்டியோடு குழப்பியிருக்கிறாரா என்று பாருங்கள்.

சொற்கிடங்கு:

கண் திறந்துவிட்டது, நன்றி. பத்தியைத் திரும்பப் பார்த்தேன், பிரிப்பது ஜெர்மன் வண்டிதான். கழன்றது அமெரிக்க வண்டி. இரண்டு பத்திகளுக்கு இடையில் தரப்பு மாறுவதை நான் கவனிக்கவில்லை.

இன்னும் இரண்டு. அமெரிக்க வண்டிக்கு ‘செயின்’ என்று எழுதினால், அது ரப்பர் வளையம் என்பதால் தவறாகுமா? ‘அரைப்பட்டை வண்டி’ என்று பிரித்துக் காட்டலாமா? இரண்டாவது, பனி கொட்டிய இரவில் ‘ஆட்கள் செயின் மாட்டினார்கள்’ என்று ஆங்கிலத்திலேயே ‘செயின்ஸ்’ என்று வருகிறது. இது ட்ராக்கா?

வரைபடத்தாள்:

‘செயின்ஸ்’ அங்கே ட்ராக் இல்லை. பனியில் வழுக்காமலிருக்க டயரைச் சுற்றி மாட்டும் சங்கிலி. ஆங்கிலத்தில் ட்ராக், செயின் இரண்டும் வேறு வேறு பொருள்கள், தமிழில் நாம் இரண்டையும் செயின் ஆக்கிவிட்டோம். அந்த இடத்தில் ‘டயர்களுக்குப் பனிச்சங்கிலி கட்டினார்கள்’ என்று எழுதினால் மோதல் தீர்ந்தது. சங்கிலி என்ற தமிழ்ச் சொல்லை இதற்கென்றே ஒதுக்கி, ட்ராக்குக்கு எங்கும் ‘செயின்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

‘அரைப்பட்டை’ எனக்குப் பிடிக்கவில்லை. பட்டை என்றதும் மரப்பட்டை, விபூதிப் பட்டை, இடுப்புப் பட்டை என்று பத்துப் பொருள் வந்து நிற்கும். அதோடு ஒரே கட்டுரையில் ஜெர்மன் வண்டி அரைச்செயின், அமெரிக்க வண்டி அரைப்பட்டை என்றால், மூலத்தில் இருக்கும் ஒரே சொல் இரண்டாகிவிடும். இரண்டு தரப்பும் ஒரே வகை வண்டியில் மோதிக்கொண்டன என்பது வாசகருக்குத் தெரியாமல் போகும்.

வண்டியின் பெயரை ‘ஹாஃப்-ட்ராக்’ என்றே வைத்துக்கொள்வது என் தேர்வு. ஜீப்பை நாம் மொழிபெயர்க்கவில்லை. முதல் முறை மட்டும் ‘முன்னால் டயரும் பின்னால் செயினும் கொண்ட, மேலே திறந்த கவச வண்டி’ என்று விளக்கினால் போதும்.

பல்சக்கரம்:

வரைபடத்தாள் சொல்வதோடு பாதிதான் உடன்படுகிறேன். பெயர் ‘ஹாஃப்-ட்ராக்’ சரி. ஆனால் பாகத்தைப் பற்றிப் பேசும் வாக்கியத்தில் அமெரிக்க வண்டிக்கு ‘ரப்பர் செயின்’ என்று ஒருமுறையாவது எழுதுங்கள். சத்தம் அதைப் பொறுத்தது. இரும்புச் செயின் கல் பாவிய கிராமத் தெருவில் வந்தால் கடகடவென்று வெகு தூரம் கேட்கும். ரப்பர் வளையத்தில் அந்த உலோக ஓசை அடங்கிவிடும், என்ஜினும் கியரும்தான் மேலே கேட்கும். மூலத்தில் ‘க்ளாட்டர்’, ‘ஹம்’ என்று வினை மாறினால் ஆசிரியர் வேண்டுமென்றே மாற்றியிருக்கலாம். இரண்டுக்கும் ‘உறுமல்’ என்று போட்டுவிடாதீர்கள்.

உறைபனி இரவுக்கு ஒரு சொல்லையும் சேர்க்கிறேன். வண்டியை நிறுத்தும்போது செயினுக்கு அடியில் மரக்கட்டை, சுள்ளி, பலகை என்று எதையாவது போடுவார்கள். இல்லையென்றால் செயின் தரையோடு சேர்ந்து உறைந்துவிடும். காலையில் கிளட்ச்சை விட்டதும் ஏதாவது ஒன்று முறியும். ‘ப்ரேக் லூஸ்’ என்று ஆங்கிலத்தில் வந்தால் அது உறைந்த தரையிலிருந்து செயினைப் பெயர்ப்பது. முன்பு பேசிய ‘ப்ரேக் ட்ராக்’ வேறு, இது வேறு.

‘பட்டன்ட் அப்’ என்பதும் வரக்கூடும். டாங்கிக்கு என்றால் எல்லா மூடிகளையும் அடைத்துக்கொண்டு உள்ளே இருப்பது. ஹாஃப்-ட்ராக்குக்கு மேலே மூடி இல்லையே. அங்கே அதன் பொருள், முன்கண்ணாடி இருக்கும் இடத்தில் கவசத் தகட்டை இறக்கி, பக்கக் கதவின் மடிப்புத் தகட்டை ஏற்றி, கீற்று வழியாகப் பார்த்து ஓட்டுவது. பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் தலைக்கு மேல் அப்போதும் வானம்தான்.

ஏரிக்கரை:

ஈழத்துத் தமிழ் வாசகர்களுக்கும் கட்டுரை போகும் என்றால் ஒரு விஷயம். அங்கே டாங்கியை ‘தாங்கி’, ‘யுத்தத் தாங்கி’ என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. ‘கவச வாகனம்’ என்பது போர்க்காலச் செய்திகளில் நன்கு பழகிய சொல். ஆனால் இலங்கை ராணுவம் பயன்படுத்திய பவல் போன்றவை டயர் வண்டிகள். வெறும் ‘கவச வாகனம்’ என்று எழுதினால் அவர்கள் மனதில் டயர் வண்டி வந்துவிடும். செயின் என்ற சொல் எப்படியும் ஒருமுறை வர வேண்டும்.

‘கேரியர்’ என்ற சொல்லிலும் கவனம். அமெரிக்கப் பெயரில் அது ஹாஃப்-ட்ராக். பிரிட்டிஷ் படையைப் பற்றிய பக்கத்தில் ‘கேரியர்’ அல்லது ‘ப்ரென் கேரியர்’ என்றால் யுனிவர்சல் கேரியர், அது சிறிய முழுச்செயின் வண்டி. பிரிட்டிஷ் படையிடம் ‘ஹாஃப்-ட்ராக்’ இருந்ததாக வந்தால், அது பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்த வண்டி.

‘பான்சர்கிரெனடியர்’ (டாங்கிகளோடு சேர்ந்து போகும் காலாட்படை) என்று வரும் எல்லா ஜெர்மன் காலாட்படையும் ஹாஃப்-ட்ராக்கில் போனதாக எழுதிவிட வேண்டாம். ஒரு பான்சர் டிவிஷனில், அதாவது டாங்கிப் படைப்பிரிவில், இருந்த நான்கு பான்சர்கிரெனடியர் பட்டாலியன்களில் பெரும்பாலும் ஒன்றுக்குத்தான் கவச ஹாஃப்-ட்ராக் கிடைத்தது. மற்றவர்கள் லாரியில் போனார்கள்.

சொற்கிடங்கு:

எல்லாவற்றையும் வைத்து முதல் இரண்டு பத்தியை மாற்றி எழுதினேன். சரியா என்று சொல்லுங்கள்.

“பள்ளத்தின் சரிவில் திரும்பியபோது ஹாஃப்-ட்ராக்கின் இடப்பக்க ரப்பர் செயின் கழன்றது. வண்டி சாய்ந்து நின்றது. 12 பேரும் பின்கதவு வழியாக இறங்கிச் சாலையோரம் படுத்தார்கள்.”

“மறுகரையில் ஜெர்மன் ஹாஃப்-ட்ராக் ஒன்றின் ஆட்கள் பின்னைத் தட்டி செயினைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உறைந்த சேற்றில் சம்மட்டி படும் ஒலி கேட்டது.”

பல்சக்கரம்:

முதல் பத்தி அப்படியே இருக்கட்டும். இரண்டாவதில் சம்மட்டி சேற்றில் படவில்லை, பின்னின் மேல் படுகிறது. “இரும்புப் பின்னின் மேல் சம்மட்டி விழும் ஒலி கேட்டது” என்று மாற்றுங்கள். உறைந்த சேறு ரோலர்களுக்கு நடுவில் இருக்கட்டும்.

வரைபடத்தாள்:

அச்சுக்குப் போகும் முன் ஒன்று மட்டும் செய்யுங்கள். ட்ராக் என்பதில் ‘ரா’ நெடில். பிழைதிருத்துபவர் அதை ‘டிரக்’ என்று குறிலாக்கிவிட்டால் ஹாஃப்-டிரக், அரை லாரி, என்றாகிவிடும். இந்த வண்டி பாதி லாரி போலவே இருப்பதால் வாசகருக்கும் சந்தேகம் வராது, பிழை பிழையாகவே நின்றுவிடும். கோப்பு முழுவதும் ‘டிரக்’ என்று தேடி, வந்த ஒவ்வொரு இடத்திலும் அங்கே நிற்பது லாரிதானா என்று மூலத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள்.